ஆளைத் தேடும் சில்லு - ஒரு சின்ன வரலாறு

நோயாளி எந்த வார்டில் இருக்கிறார், ஸ்கேன் அறைக்குப் போய்விட்டாரா என்று கம்ப்யூட்டரிலேயே பார்க்கும் வசதி இன்று சில பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. கையில் கட்டிய பட்டைக்குள் ஒரு சில்லு, அவ்வளவுதான். இதன் முன்னோடி நோயாளிக்காகப் பிறந்ததல்ல, டெலிபோன் ரிசப்ஷனிஸ்டுக்காக!

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலானோர் உருவாக்கிய 'ஆக்டிவ் பேட்ஜ்' பற்றிய கட்டுரை 1992 ஜனவரியில் வெளிவந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ். 55 மி.மீ. சதுரம், 40 கிராம் எடை. டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளியில் தன் எண்ணைச் சொல்லும். அறையில் உள்ள உணரி அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒளி சுவரைத் தாண்டாது என்பதால் ஆள் எந்த அறை என்பதில் குழப்பமே இல்லை. போன் வந்தால் அந்த அறைக்கே இணைப்புக் கொடுக்கலாம்.

பேட்ஜ் ஓயாமல் பேசாது. 15 வினாடிக்கு ஒரு முறை, அதுவும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதாவது 150-ல் ஒரு பங்கு நேரம் வேலை, மீதி தூக்கம். பேட்டரி சுமார் ஒரு வருடம் வந்தது. வெளிச்சம் குறைந்தால் பேச்சையும் குறைத்துக்கொள்ளும். மேஜை டிராயருக்குள் போட்டால் அணைந்தே போகும். ஆபீஸுக்கு அருமையான யோசனை!

இதையே நோயாளிக்கு மாட்டிப் பாருங்கள். போர்வையை இழுத்து மூடினால் போச்சு. விளக்கணைத்த வார்டில், மறதி நோய் உள்ள ஒருவர் எழுந்து நடக்கும் நேரத்தில்தான் பேட்ஜ் அரைத் தூக்கத்தில் இருக்கும்.

துணி தடையென்றால் துணியிலேயே கருவியை வைத்தால்? பனியன் கம்பெனிகள் நிறைந்த மாவட்டத்து மடத்துக்குளத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 1996-ல் அந்நாட்டுக் கடற்படையின் நிதியில் ஒளியிழைகள் கலந்து நெய்த சட்டையில் இறங்கினார். அது தேடியது ஆள் இருக்கும் இடத்தை அல்ல. குண்டு பாய்ந்த இடத்தை, இதயத் துடிப்பை.

ஆளைத் தேடும் வேலை ரேடியோவுக்குப் போனது. 2010-ல் வந்த புளூடூத் 4.0, பட்டன் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வழி செய்தது. போர்வை இதற்குத் தடையில்லை. ஆனால் சுவரையும் தாண்டிப் பக்கத்து அறையில் கேட்கும். உடம்பிலுள்ள நீரோ அலையை உறிஞ்சும். அதனால் சில ஆஸ்பத்திரிக் கருவிகளில் ரேடியோவோடு பழைய அகச்சிவப்பும் சேர்ந்திருக்கிறது. தூங்குவதா விழிப்பதா என்பதைப் பல சில்லுகளில் இப்போது முடிவு செய்வது வெளிச்சம் அல்ல, அசைவு உணரி. ஆள் புரண்டு எழுந்தால் சில்லும் எழுந்துகொள்ளும்.