கைமாற்று: வங்கி கைவிரித்த நாள்களும் நம் மக்களின் ஏற்பாடுகளும்

தமிழில் "கைமாற்று" என்றொரு அழகிய சொல் உண்டு. வட்டியும் பத்திரமும் இன்றி, சில நாள்களில் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பெறும் சிறு தொகைக்கு அப்பெயர். வெள்ளாற்றுக் கரையில் நெல்லையும் கரும்பையும் நம்பி வாழும் பெண்ணாடம் வட்டாரத்தார்க்கு இச்சொல்லின் அருமை நன்கு தெரியும். விளைச்சலுக்குரிய பணம் ஒரு மாதத்தில் வரும். உரத்திற்கும் ஆள்கூலிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் வேண்டிய பணமோ இன்றே வேண்டும். சொத்து இருந்தும் கையில் காசில்லாத இந்த இடைவெளியை நம் முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்பதையே இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம்.

வங்கி என்பது எப்போதும் உறுதியான புகலிடமாக இருந்ததில்லை. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் புகழ்பெற்ற ஆங்கிலேய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் தம் வாழ்நாள் சேமிப்பை அங்கே இட்டிருந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பணம் இழந்தவர்க்கு அது என்ன ஆறுதல்! அந்த அதிர்ச்சியிலிருந்தே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தோன்றியது.

ஆயினும் நகரத்து வங்கியால் சிற்றூர் உழவனுக்கு என்ன பயன்? இதனை முன்னரே உணர்ந்தவர் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி. சென்னை மாகாண அரசின் கட்டளைப்படி உழவர் கடன் வசதியை ஆராய்ந்த அவரது அறிக்கை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பஞ்சத்தில் வாடிய உழவர்களுக்காக ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். ஒருவரை ஒருவர் அறிந்தோர் சிறு எல்லைக்குள் பணம் சேர்த்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்வதே அதன் அடிப்படை. நம் நாட்டு நிதிகளையும் அவர் விரிவாகவே எழுதினார். 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் தமிழகத்தின் முதற்சங்கம் அமைந்தது.

கூட்டுறவுச் சங்கமும் எட்டாத இடத்தில் தண்டல்காரர் நுழைந்தார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவது அவர் வழக்கம். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால், அவ்வட்டி ஆண்டுக்கு நூறு விழுக்காட்டையும் தாண்டும். 2003 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இத்தகைய கொடுமைக்கு எதிராக எழுந்ததே.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் விருந்து வைத்து, வந்தோர் தரும் தொகையை நோட்டில் எழுதிக்கொண்டு, அவரவர் விருந்தில் திருப்பிச் செய்வர். வட்டியில்லா முதல் திரட்டும் நல்ல வழியே. ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நாளைக் காலை மருத்துவமனையில் கட்டவேண்டிய பணத்திற்கு அது உதவாது.

வட்டி வாங்குவதும் கொடுப்பதும் விலக்கப்பட்ட நம் மார்க்கத்தில் அழகிய கடனுக்குத் தனி இடம் உண்டு. கடனை எழுதிவைத்துச் சாட்சி வைப்பதைக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது. அன்பாகக் கொடுத்தாலும் எழுதிக் கொடு என்னும் அந்த ஒழுங்கை நம்மில் பலர் கூச்சத்தால் விட்டுவிடுகின்றோம். பிணக்குகள் அங்கேதான் பிறக்கின்றன. உத்தரப்பிரதேசத்துத் தேவ்பந்தில் 1961 இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்ட் இதனை நிறுவனமாகவே ஆக்கிற்று. மக்கள் வட்டியின்றிச் சிறுசேமிப்பு இடுவர். நகையை ஈடாக வைத்துச் சில மாதங்களுக்கு வட்டியில்லாக் கடன் பெறுவர். அலுவலகச் செலவுக்கு விண்ணப்பப் படிவத்தின் விலையே வருவாய். தவணை நீண்டால் புதுப்படிவம் வாங்க வேண்டும். படிவ விலை உண்மைச் செலவை மிஞ்சினால் அது வட்டியின் மறுவடிவமே என்ற விமர்சனமும் உண்டு. அதனை நாமும் சரியென்றே கருதுகின்றோம்.

வங்கிகளே கைவிரித்த காலம் நம் கண்முன் வந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அவையே. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் வாரத்திற்கு 24,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. நவம்பர் 14 அன்று மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய தாள்களை வாங்கவோ மாற்றவோ கூடாதென ரிசர்வ் வங்கி தடுத்தது. நிக்கல்சன் எந்த உழவனை எண்ணி எழுதினாரோ, அவன் நாடிய வாயிலே முதலில் அடைபட்டது! சம்பாப் பயிருக்கு உரமிடும் பருவம் அது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டியில்லா நிதியோ ஏலச்சீட்டோ எதுவாயினும், அதன் இருப்பு வங்கிக் கணக்கிலோ பழைய தாள்களாகவோ இருந்தவரை, அதுவும் அவ்வாரங்களில் கட்டுண்டே கிடந்தது. உழவர்க்குப் பயிர்க்கடன் கணக்கிலிருந்து வாரம் 25,000 ரூபாய் எடுக்கும் சலுகை நவம்பர் 17 இல் வந்தது. ஆனால் வங்கிக்கிளைகளில் கொடுப்பதற்குத் தாள் வேண்டுமே. அந்நாள்களில் பல ஊர்களில் அடுப்பெரியச் செய்தது மளிகைக்கடைப் பற்று நோட்டுதான். முகம் பார்த்து அரிசியும் பருப்பும் கொடுத்த கடைக்காரர், தமக்குச் சரக்கு தந்த மொத்த வணிகரிடம் தாமும் தவணை கேட்டு நின்றார்.