தமிழ் எழுத்தளவை யார் தீர்மானிப்பது? தரங்கம்பாடி ஈயம் முதல் டைலிங் திரை வரை

1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. கப்பலேறி வந்த அந்த எழுத்துகளில் ஒரு பெருங்குறை இருந்தது: அளவில் மிகப் பெரியவை. அங்கிருந்த மதபோதகர் சீகன்பால்கு அச்சிட முனைந்த புதிய ஏற்பாட்டை அதே எழுத்தில் முழுதாக அடித்தால் கையிருப்புக் காகிதம் போதாது. அச்சுக்கூடத்தில் பணியாற்றிய யோஹான் காட்லீப் ஆட்லர் அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார். நூலின் முற்பகுதி 1714இலும் பிற்பகுதி 1715இலும் முடிந்தன. தாளின் பரப்பு மாறாதது. எழுத்துதான் அதற்கேற்ப இறங்கிவர வேண்டியிருந்தது.

திரையில் தமிழ் படிக்கும் இன்றைய வாசகரின் சிக்கலும் இதே இனத்தைச் சேர்ந்தது. டைலிங் சாளர மேலாளி என்னும் மென்பொருள் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்துவதில்லை. திரை முழுவதையும் இடைவெளியின்றிப் பங்குபோட்டு ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கட்டம் தருகிறது. நான்காவது சாளரம் திறந்தால் முதல் மூன்றும் சுருங்கும். எழுத்தளவு தவறானால் அதை மறைக்க அங்கே இடமில்லை. அளவைத் தீர்மானிக்கும் உரிமை வார்ப்படக்காரரிடமிருந்து அச்சகத்துக்கும், அங்கிருந்து இயங்குதளத்துக்கும், கடைசியில் பயனரின் அமைப்புக் கோப்புக்கும் கைமாறிய வரலாற்றைப் புதுச்சேரி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை பின்தொடர்கிறது. உரிமை வாசகரிடம் வந்துவிட்டது. அளவுகோல் இன்னும் தமிழுக்கு வரவில்லை என்பது என் முடிவு. திரை தொடர்பான சோதனைகளை உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட ரெட்டியார்பாளையத்தில் ஒரு 14 அங்குல மடிக்கணினியில் செய்துபார்த்தேன்.

புதுச்சேரியின் அச்சு வரலாறு ஒரு பறிமுதலோடு பின்னிக் கிடக்கிறது. 1761இல் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியபோது, பிரெஞ்சுக்காரரின் அச்சுப்பொறியும் போர்ப்பொருளாகச் சென்னைக்குப் போனது. வேப்பேரியில் பெப்ரீசியஸ் அடிகள் அதைப் பெற்று நடத்தினார். அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் பாரிசு வேதபோதக சபையின் மிஷன் அச்சகம் புதுச்சேரியில் வேரூன்றியது. துப்புய், மூசே ஆகிய இரு குருமார்களின் தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலுமாக இரண்டு தொகுதிகளாக வந்தது.

எழுத்தளவை ஆராய்பவர் நின்று பார்க்க வேண்டிய இடம் அகராதிதான். ஒரே வரியில் தமிழும் ரோமன் எழுத்தும் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும். ரோமன் சிற்றெழுத்துகள் பெரும்பாலும் ஒரு நடுப்பட்டைக்குள் அடங்குபவை. தமிழில் கி, கீ மேலே வளைகின்றன. கு, ழு, ஞூ கீழே சுழிக்கின்றன. ணை, னை பக்கவாட்டில் அகல்கின்றன. இரண்டுக்கும் ஒரே ஈய உயரத்தை வைத்தால் தமிழின் உட்பகுதி சிறுத்து, மை அடைத்துப்போகும். இந்தக் கணக்கை மிக அழகாகத் தீர்த்தவர் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹண்ட் என்பேன். அவர் உருவாக்கிய சிறிய, தெளிவான தமிழ் எழுத்துகளில்தான் வின்சுலோவின் பேரகராதி 1862இல் அச்சேறியது. தமிழ் அச்சு வரலாற்றில் நூலாசிரியர்களுக்குக் கிடைக்கும் இடத்தில் கால்பங்கும் இந்த எழுத்துத் தச்சர்களுக்குக் கிடைக்காதது வருத்தத்துக்குரியது.

மேசைப்பதிப்புக் காலத்தை விரைவாகக் கடக்கலாம். 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டில் எழுத்துரு விற்றது; ஒன்றின் 12 பாயிண்ட் இன்னொன்றின் 14 பாயிண்டுக்கு நிகராகத் தெரிந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தபோதும், அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் குறியீட்டைத்தான் யூனிகோடு ஒன்றாக்கியது. அளவு அதன் வேலையே அல்ல.

யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் எழுத்தளவு வேறொரு பாதையில் வளர்ந்தது. எக்ஸ் சாளர முறையின் பழைய எழுத்துருக்கள் புள்ளிப் படங்கள். அங்குலத்துக்கு 75 புள்ளி, 100 புள்ளி என இரண்டு அடைவுகளில் அவை கிடக்கும். பயனர் 14 புலங்கள் கொண்ட நீண்ட பெயரை எழுதி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். இல்லாத அளவைக் கேட்டால் எழுத்து பல்லிளிக்கும். 2000ஐ ஒட்டி கீத் பேக்கார்டு ரெண்டர் நீட்சியையும் எக்ஸ்எஃப்டி நூலகத்தையும் உருவாக்கிய பின்னரே, எந்த அளவுக்கும் விளிம்பு மழுங்காமல் விரியும் எழுத்து லினக்ஸ் திரைக்கு வந்தது. அப்போது எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஓர் எண் அமர்ந்துகொண்டது: அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்னும் டிபிஐ. வழக்கமாக அது 96.

அந்த 96 செய்யும் கோலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முன்பு 14 அங்குல மடிக்கணினிகளில் பெருவழக்காக இருந்த 1366×768 திரையின் உண்மையான அடர்த்தி ஏறக்குறைய 112. அதே அளவில் 1920×1080 திரை என்றால் 157. மென்பொருள் 96 என்றே நம்பிக்கொண்டிருந்தால், 10 பாயிண்ட் எனக் கேட்ட எழுத்து முதல் திரையில் 8.6 பாயிண்டாகவும் இரண்டாவதில் 6.1 பாயிண்டாகவும் தெரியும். ஆங்கிலத்தை 6 பாயிண்டில் கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். தமிழில் அந்த அளவில் ணகரமும் னகரமும் ஒன்றாகக் குழம்பும். புள்ளி வைத்த மெய்யும் வைக்காத உயிர்மெய்யும் பிரித்தறிய முடியாமல் போகும்.

குனோம் போன்ற முழுமேசைச் சூழலில் ஓர் அமைப்புச் சாளரத்தில் அளவை மாற்றினால், பின்னணியில் இயங்கும் ஒரு சேவை அதை எல்லா நிரல்களுக்கும் அறிவிக்கும். 2006இல் வந்த டிடபிள்யூஎம், 2009இல் வந்த ஐ3 ஆகிய டைலிங் மேலாளிகளில் அப்படியொரு அறிவிப்பாளர் இல்லை. எனவே பயனரே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில் டிபிஐ எண்ணை எழுத வேண்டும். ஜிடிகே என்னும் இடைமுகக் கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்களின் உருப்பெருக்கம் முழு எண்ணை மட்டுமே ஏற்கும், 1.5 மடங்கு வேண்டுமானால் எழுத்துக்கு மட்டும் தனி மாறியில் பின்னம் தரலாம், ஆனால் படவுருக்கள் பழைய அளவிலேயே நிற்கும். கியூடி என்னும் இன்னொரு தொகுப்பின் நிரல்களுக்கு வேறொரு மாறி. உலாவிக்கு அதன் உள்ளமைப்பில் ஓர் எண். சுட்டிக்கும் தனி அளவு. இதைச் சிரமம் என்று மட்டும் நான் கருதவில்லை. அளவு எங்கெங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பதை இத்தனை வெளிப்படையாகக் காட்டும் சூழல் வேறில்லை.

அந்த வெளிச்சத்தில்தான் தமிழின் தனிச் சிக்கல் தெரிகிறது. டிடபிள்யூஎம்மின் மேற்பட்டை எழுத்துகளை எக்ஸ்எஃப்டி வழியாக ஒவ்வொன்றாக நேரடியாக வரைகிறது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. வரையும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்துருவமைப்புப் பொறியின் வேலை. அந்தப் பொறி இடையில் இல்லாததால் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஐ3, அந்த வேலையைச் செய்யும் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் அதில் தமிழ் சரியாக அமைகிறது. ஆக, அளவைப் பேசுமுன் எழுத்து எழுத்தாக வருகிறதா என்று பார்க்க வேண்டிய நிலை தமிழனுக்கு உண்டு. ஆங்கிலம் படிப்பவருக்கு இந்தப் படியே இல்லை.

உயரக் கணக்கிலும் இதே சாய்வு உள்ளது. டிடபிள்யூஎம் பட்டையின் உயரத்தை, பட்டியலில் முதலாவதாக எழுதிய எழுத்துருவின் உயரத்தோடு 2 பிக்சல் கூட்டிக் கணக்கிடுகிறது. முதலில் ஆங்கில எழுத்துருவை வைத்து, தமிழுக்கு லோகித் தமிழையோ நோட்டோ சான்ஸ் தமிழையோ இரண்டாவதாக விட்டால், உயரம் ஆங்கிலத்தின்படி முடிவாகிவிடும். இரண்டாம் எழுத்துரு அதைவிட உயரமானதாயின் தமிழின் மேல்வளைவும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படும்.

முனையம் இன்னும் கடுமையானது. அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டம். 'ண'வும் 'ர'வும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டுமென்பது தமிழின் இயல்புக்கே மாறானது. அளவை எவ்வளவு கூட்டினாலும் கட்டமும் சேர்ந்தே வளர்வதால் நெரிசல் தீராது. ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தன் அகலத்தைத் தானே சுமந்தது. அந்த வகையில் ஹண்டின் அச்சகம் பெற்றிருந்த வசதி இன்றைய முனையத்துக்கு இல்லை.

எக்ஸ் முறைக்கு மாற்றாக வந்த வேலேண்டு நெறிமுறைக்கு மாறியதும் உரிமை மறுபடி கைமாறுகிறது. 2019இல் 1.0 பதிப்பை எட்டிய ஸ்வே என்னும் டைலிங் மேலாளி, ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி மடங்கைக் குறிக்க இடம் தருகிறது, மடிக்கணினிக்கு 1.5, வெளித்திரைக்கு 1 என வைக்கலாம். தொடக்கத்தில் பின்ன மடங்கு என்றால் நிரல் இரு மடங்காக வரைந்து தர, மேலாளி அதைச் சுருக்கிக் காட்டும். எழுத்து லேசாகக் கலங்கும். 2022இல் வந்த பின்ன அளவு நெறிமுறை, மடங்கை 120ஐப் பகுதியாகக் கொண்ட பின்னமாக நிரலுக்கே சொல்லி, நேராக அந்த அளவில் வரையச் செய்தது. மெல்லிய கோடுகள் நெருங்கி நிற்கும் தமிழுக்கு இதனால் கிடைத்த தெளிவு பெரிது.

எனினும் இந்த மடங்கு எல்லா மொழிக்கும் பொதுவானது. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் ஒரே ஆவணத்தில் புழங்கும் புதுச்சேரியில் திரை முழுவதையும் பெருக்குவது தீர்வாகாது. பிரெஞ்சுப் பத்தி தேவைக்கு மேல் ஊதிக் கட்டத்தை நிரப்பிவிடும். எழுத்துருத் தேர்வை நிர்வகிக்கும் ஃபான்ட்கான்ஃபிக்கில், குறிப்பிட்ட ஓர் எழுத்துருவை மட்டும் ஒரு மடங்கால் பெருக்கும் விதியை எழுத வழியுண்டு. நான் தமிழ் எழுத்துருவுக்கு 1.15 என வைத்தேன். வரி உயரம் சற்றுக் கூடினாலும் இரு மொழியும் ஒரே வரியில் சமமாக நின்றன. துப்புயும் மூசேயும் தம் அகராதியில் எதிர்கொண்ட கணக்கு இதுதான். டிடபிள்யூஎம் பயன்படுத்துவோர் பட்டியலில் தமிழ் எழுத்துருவை முதலிடத்தில் வைத்தால் பட்டையின் உயரம் தமிழுக்கேற்ப அமையும். கொம்பின் இடத்தைச் சரிசெய்ய மூலநிரலில் எழுத்துருவமைப்புப் பொறியை இணைத்தாக வேண்டும்.