அசிடியன் கருவில் தாய்வழி ஆர்.என்.ஏ.

பாறை, சங்கு, கப்பலின் அடிப்பாகம் எனக் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, கடல்நீரை வடிகட்டி உண்டு வாழும் பை போன்ற உயிரி அசிடியன். தொட்டால் நீரைப் பீச்சும். இதன் தலைப்பிரட்டை போன்ற இளவுயிரிக்கு வாலில் முதுகுநாண் இருப்பதை 1866-இல் ரஷ்ய விலங்கியலாளர் கோவலெவ்ஸ்கி காட்டினார். அதுவரை மெல்லுடலிகளோடு சேர்த்து எண்ணப்பட்ட இந்த உயிரி, முதுகெலும்பிகளின் நெருங்கிய உறவாயிற்று.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கடல் வெகுதொலைவு. ஆனாலும் தேனியிலோ உத்தமபாளையத்திலோ விலங்கியல் படித்தவர்களுக்கு அசிடியன் என்றால் ஹெர்ட்மேனியா. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள சங்கின் ஓட்டின்மேலும் வளரும் இந்த இனத்துக்கு, அசிடியன் வல்லுநர் வில்லியம் ஹெர்ட்மேனின் பெயர் 1888-இல் சூட்டப்பட்டது. 1902-இல் அவரே முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய இந்த வளைகுடாவுக்கு வந்தார். இந்தியக் கல்லூரிகளுக்கு ஹெர்ட்மேனியாவின் உடலமைப்பை விரிவாக எழுதித் தந்தது எஸ். எம். தாஸின் 1936-ஆம் ஆண்டு நூல்.

பாடநூல்கள் உடலமைப்போடு நிறுத்திக்கொண்டாலும், அசிடியனின் பெரும் வியப்பு முட்டையில்தான் இருக்கிறது. 1887-இல் பிரான்சின் லோரன் ஷாப்ரி, பிளவுபடும் கருவின் ஒரு செல்லை ஊசியால் குத்திக் கொன்றார். எஞ்சிய செல்கள் குறையுள்ள இளவுயிரியாகவே வளர்ந்தன. எந்தச் செல் என்னவாகும் என்பது அத்தனை சீக்கிரம் முடிவாகிவிடுகிறது.

முடிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை 1905-இல் அமெரிக்காவின் எட்வின் காங்க்ளின் கண்ணாலேயே கண்டார். ஸ்டைலா என்ற அசிடியனின் முட்டை விளிம்பு முழுதும் மஞ்சள் நிறமிகள் பரவியிருக்கும். விந்தணு நுழைந்த சில நிமிடங்களில் அவை கீழ்முனைக்கு வழிந்தோடி, பிறகு பின்புறம் ஏறிப் பிறைபோல் படிகின்றன. முதல் பிளவு அந்தப் பிறையைச் சரிபாதியாக வெட்டுகிறது. எட்டுச் செல் நிலையில் மஞ்சள் பெரும்பாலும் பி4.1 எனப்படும் பின்புற இணைச் செல்களில் நிற்கிறது. கடைசியில் வால்தசையில் போய்ச் சேருகிறது. சாயம் எதுவும் ஏற்றாமல், இயற்கை தந்த நிறத்தை மட்டும் பின்தொடர்ந்து செய்த இந்த வேலைக்கு நிகரானவை கருவியலில் மிகச் சில.

நிறமி அடையாளம் மட்டுமே. தசையாக்கும் பொருள் வேறு. 1973-இல் ஜே. ஆர். விட்டேக்கர் மருந்திட்டுச் செல்பிளவை நிறுத்தினார். அப்படியும் தசைக்குரிய நொதி உரிய நேரத்தில், தசை வம்சத்துச் செல்களில் மட்டுமே தோன்றியது. 1980-இல் கருவை அழுத்திப் பிளவின் திசையை மாற்றி, பிறைப் பகுதியின் சைட்டோபிளாசம் வேறு செல்களுக்கும் போகச் செய்தார். அவற்றிலும் நொதி உண்டானது.

பொருளைப் பெயரோடு பிடித்தவர்கள் ஜப்பானியர்கள் ஹிரோகி நிஷிதாவும் கே. சவாடாவும் (2001). அந்நாட்டார் விரும்பி உண்ணும் ஹாலோசிந்தியா என்ற அசிடியனின் முட்டையில், தாய் சேமித்துவைத்த மாச்சோ-1 மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. பின்புறத்தில் ஒதுங்குகிறது. அதை அழித்தால் பி4.1 வழித் தசை உருவாவதில்லை. வேறு செல்களில் செலுத்தினால் அங்கும் தசை முளைக்கிறது. அதன் புரதம், கருவின் சொந்த மரபணுக்களை இயக்கிவிடும் வகையைச் சேர்ந்தது.

ஆயினும் எல்லாம் தாயின் ஏற்பாடு என்று ஷாப்ரியின் சோதனையிலிருந்து பலர் கொண்ட முடிவு மிகை. ஹாலோசிந்தியாவின் 42 வால்தசைச் செல்களில் 28 மட்டுமே பி4.1 வழி வருபவை; மற்ற 14-க்கும் 40 முதுகுநாண் செல்களுக்கும் பக்கத்துச் செல்களின் சமிக்ஞை வேண்டும். அதேபோல் தாயின் செய்தி எப்போதும் ஏவலாகவே இருப்பதில்லை. 1996-இல் கண்டறியப்பட்ட பெம் என்ற தாய்வழி ஆர்.என்.ஏ. கருவின் பின்முனையில் சேர்கிறது. அதன் புரதம் அங்குள்ள இனச்செல் முன்னோடிகளில் மரபணுக்களை எழவிடாமல் அடக்கிவைக்கிறது என்பது 2011-இல் உறுதியானது.