பத்து விரல்

ஜோஹன்னஸ்பர்க் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யாராவது வந்தால் நான் முதலில் கூட்டிக்கொண்டு போகும் இடம் ஒரு ஜெயில். தங்கமணிக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு கிடையாது. "அவங்க சிங்கம் பார்க்க வந்திருக்காங்க, நீங்க ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க" என்பாள்.

பழைய கோட்டைச் சிறை என்று பெயர். 1983ல் மூடி, இப்போது மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். இடித்த சிறைப் பகுதியின் செங்கல்லையே வைத்து, அதே வளாகத்தில் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தையும் கட்டியிருக்கிறார்கள். காந்தி இங்கே இருந்தார் என்று பலகை சொல்கிறது. வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவரோடும் அவருக்குப் பிறகும் திரும்பத் திரும்ப உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்று நான் ஆரம்பித்தால், பசி வந்துவிடும் அவர்களுக்கு.

சரி, நீங்களாவது கேளுங்கள்.

நான் கோலார் தங்கவயல்காரன். மாரிக்குப்பம் லைன் வீட்டில் பிறந்து, பி.காம் படித்துக்கொண்டிருந்தபோது சுரங்கத்தை மூடினார்கள் (2001 பிப்ரவரி 28). எங்கள் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து ரயிலேறி மேற்கே வந்தவர்கள். அதே வட ஆற்காட்டிலிருந்து வேறு சிலர் மதராஸ் துறைமுகம் போய்க் கப்பலேறி, 1860 முதல் நேட்டாலுக்குக் கூலிகளாக வந்தார்கள். ஒரே மண்ணிலிருந்து கிளம்பிய இரண்டு கூட்டம்தான். அவர்களில் கொஞ்சம் பேர் ஒப்பந்தம் முடிந்து, தங்கம் கிடைத்த ஜோஹன்னஸ்பர்க் பக்கம் வந்து கடை வைத்தார்கள், காய்கறி விற்றார்கள்.

1907ல் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்டம் போட்டது. ஆசியர்கள் எல்லோரும் பெயரைப் பதிந்து, பத்து விரல் ரேகையும் கொடுத்து, அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். இந்தக் கைரேகை வித்தை வளர்ந்தது நம் ஊரில்தான். வங்காளப் போலீஸில் எட்வர்ட் ஹென்றி தலைமையில், அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் அடுக்குமுறையை உருவாக்க, 1897ல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே அலுவலகம் வந்தது. 1900ல் ஹென்றியை டிரான்ஸ்வால் போலீஸைச் சீர்செய்ய இங்கே அனுப்பினார்கள். ஹென்றியின் புத்தகத்தைப் படித்த பிறகுதான், பத்து விரலையும் சட்டப்படி கேட்பது குற்றவாளிகளிடம் மட்டுமே என்று காந்திக்குத் தெரிந்ததாம். எந்தக் குற்றமும் செய்யாமலே ஜெயில் கணக்கில் பெயர் ஏறுகிறது என்று ஜனங்களுக்குப் புரிந்துபோயிற்று. மறுத்தால் நிஜ ஜெயில். சரி, அங்கேயே போவோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

1908 ஜனவரி 10ந் தேதி முதல் அணி உள்ளே போயிற்று. காந்தி, மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு, சீனர்களின் தலைவர் லியுங் க்வின் எல்லாம் அந்த மாதம் உள்ளே இருந்தார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று அதற்கு முன்னால் நம் ஆட்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் உடுத்தியிருப்பதை முழுக்கக் கழற்றச் சொன்னார்கள். கொடுத்த சிறை உடுப்பு அழுக்கு. பெயர், விலாசம் எழுதிக்கொண்டு பெரிய அறை ஒன்றில் அடைத்தார்கள்.

அடுத்தது பிரிவு. வெள்ளையர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம். இந்தியர்களைக் கறுப்பர்களோடு சேர்த்தார்கள். அது பெரிய அவமானம் என்று காந்தி அப்போது எழுதியதை இன்று படித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. சேர்த்ததில் என்ன அவமானம்? பிரித்ததில் அல்லவா இருக்கிறது. அந்தத் தெளிவு அன்றைக்கு அவருக்கு வரவில்லை.

அப்புறம் சாப்பாடு. 'ஜெயில்ல களி திங்கணும்' என்று நாம் சொல்வது இங்கே அட்சர சுத்தமாக உண்மை. காலையில் மக்காச்சோளக் களி, சர்க்கரையும் கிடையாது, பாலும் கிடையாது. (தங்கவயல்காரனுக்குக் களி தண்டனையே இல்லை, தினமும் ராகிக் களிதான். ஆனால் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே!) மசாலாப்பொடி கேட்டதற்கு, நாக்குக்கு ருசி தேடவா இங்கே வந்தீர்கள் என்ற பொருளில் பதில் சொன்னாராம் சிறை டாக்டர். டீ, காபி கிடையாது. பொழுது சாய்வதற்குள் கடைசிச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும்.

அந்த முதல் தடவை லேசு. மாத முடிவிலேயே சமரசம் ஆகி எல்லோரும் வெளியே வந்தார்கள். தானாக முன்வந்து ரேகை கொடுப்பது வேறு என்று காந்தி கொடுக்கப் போனபோது, நம்மவர் ஒருவரே அவரை அடித்துச் சாய்த்தார். கூடப் போன தம்பி நாயுடுவுக்கும் அடி. சமரசம் நிலைக்கவில்லை. ஆகஸ்டில் ஹமீதியா மசூதி முன்னால் சீட்டுகளைக் குவித்து எரித்தார்கள். அதன் பிறகு கிடைத்தது கடுங்காவல்.

நாகப்பன் என்று ஒரு பையன், பதினெட்டு வயது. 1909 ஜூன் மாதம் பத்து நாள் தண்டனை. ஜூன் என்றால் நமக்கு வெயில் ஞாபகம் வரும், இங்கே அது நடுக் குளிர்காலம். ஹீட்டர் போட்டும் எனக்குக் கை விறைக்கிறது. அவனை ரோடு போடும் முகாமுக்கு அனுப்பி, விடியற்காலைக் குளிரில் வேலை வாங்கினார்கள். நுரையீரலில் சளி கட்டி, வெளியே வந்த சில நாளில் ஜூலையில் செத்துப்போனான். பத்து நாள் தண்டனை, அவ்வளவுதான். தில்லையாடி வள்ளியம்மையை நமக்குப் பாடப்புத்தகத்திலேயே தெரியும். 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவலோடு மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ல் இறந்தாள். இருவரும் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் இருக்கிறார்கள். கோட்டையிலிருந்து பக்கம்தான்.

ஒரு விஷயத்தைப் படித்தபோது மட்டும் எனக்குத் தூக்கம் போயிற்று. 1913ல் நியூகாஸில் பக்கம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் 3 பவுன் தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை உசுப்பிவிட்டதே தமிழ்ப் பெண்கள்தான். சிறையில் இடம் போதாமல் அரசு என்ன செய்தது தெரியுமா? சுரங்க வளாகங்களையே சிறைகள் என்று அறிவித்து, கம்பெனி மேஸ்திரிகளையே வார்டன்கள் ஆக்கிவிட்டது. அதே லைன், அதே குழி. ராத்திரி தொழிலாளியாகப் படுத்தவன் காலையில் கைதி. சவுக்கால் அடித்து உள்ளே இறக்கினார்கள்.

எங்கள் ஊரில் இப்படி யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் ஷாஃப்ட்டிலிருந்து மேலே வந்த அப்பாவை ஆளைத் தடவிச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். சோதிக்கிற இலாகாவுக்குப் பெயர் 'வாட்ச் அண்டு வார்டு'. தங்கம் எடுக்கிற இடம், சோதிக்கத்தான் வேண்டும் என்று அப்பாவே சொல்வார். ஆனால் 1930ல் எல்லாத் தொழிலாளிகளின் கைரேகையையும் பதிவு செய்யப் போகிறோம் என்று சுரங்கத்தில் சொன்னபோது, அதற்கு மட்டும் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. 21 நாள் வேலைநிறுத்தம். சட்டப்படியான தொழிற்சங்கம்கூட அன்றைக்குக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத, பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்த ஜனம். அவர்கள் ஹென்றியின் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள். மை தடவி விரலைப் பிடித்து உருட்டுவது யாருக்குச் செய்கிற காரியம் என்று பார்த்தே தெரிந்துகொண்டவர்கள்.

அவர்கள் பேரன், கொள்ளுப்பேரன்கள் நாம்? இந்த நாட்டு விசாவுக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டுமென்றார்கள். பத்து விரலையும் உருட்டிக் கொடுத்துவிட்டு, துடைத்துக்கொள்ளப் பேப்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். ராபர்ட்சன்பேட்டையில் வங்கி கவுண்டரில் உட்கார்ந்து நானே எத்தனையோ பாட்டிகளின் பெருவிரலை மையில் அழுத்தியிருக்கிறேன்.

போன நவம்பரில் அம்மா போன் செய்தார். அப்பாவின் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று புதுப்பிக்கப் போனார்களாம். மெஷின் ரேகையை எடுக்கவே இல்லையாம். முப்பது வருடம் பாறையையும் கம்பியையும் பிடித்த விரல், ரேகை எல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் கடைக்காரப் பையன் செல்போனில் முகத்தைப் படம் பிடித்து முடித்துக்கொடுத்தான்.

"கண்ணைச் சிமிட்டச் சொன்னான்டா, சிமிட்டினேன்" என்றார் அப்பா.