மூக்கின்மேல் விரல்

வியப்புற்றவிடத்து மூக்கின்மேல் விரல் வைத்தல் நம்மவர் வழக்கம். ஒரு விலங்கின் விரலையே எடுத்து அதன் மூக்கின்மேல் வைத்துவிட்டு, அறிஞர் உலகம் அரை நூற்றாண்டுக் காலம் அதனை மெய்யென்றே நம்பியிருந்த வரலாறு ஒன்றுண்டு. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

இங்கிலாந்தின் தென்பகுதியிலே சசெக்ஸ் மாகாணத்தில் லூயிஸ் என்றொரு சிறுநகர். அங்கே கிடியன் மன்ரெல் என்னும் வைத்தியர் வாழ்ந்தார். சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மைந்தர். பகலில் நோயாளரைப் பார்ப்பார். இரவில் உறக்கத்தைத் துறந்து, கல்லிலே பதிந்து கிடக்கும் உயிர்ச்சுவடுகளை ஆராய்வார். 1820ஆம் ஆண்டையடுத்து, குக்ஃபீல்ட் என்னும் ஊரின் கற்குழிகளிலிருந்து பெரிய பற்கள் சில அவர் கைக்கு எட்டின. வைத்தியர் நோயாளியொருவரைக் காணச் சென்றிருந்தவேளை, அவர் மனைவியாரே வழியோரக் கற்குவியலில் முதற்பல்லைக் கண்டெடுத்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. இனிய கதைதான், ஆனால் அதற்குச் சான்று வலுவாக இல்லை.

அப்பற்களின் நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. தழையை மென்று தின்னும் பிராணியின் பல்லே அவ்வாறு தேயும். முதலையும் பாம்பும் உணவை மெல்வதில்லை. ஆகவே ஊர்வனவற்றின் பல்லெனக் கொள்வது எங்ஙனம்? முலையூட்டியின் பல் எனலாமோவெனின், அவை கிடந்த பாறை மிகப் பழையது. அத்துணைப் பழைய பாறையில் பெரிய முலையூட்டி எதனையும் எவரும் கண்டிலர். 1822இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தார் முன்னிலையில் மன்ரெல் பற்களை வைத்தபோது, மீனின் பல்லென்றும் பிற்கால முலையூட்டியின் பல்லென்றும் கூறி அவர்கள் பொருட்படுத்தாது விட்டனர். அடுத்த ஆண்டு சார்ள்ஸ் லயெல் என்பார் ஒரு பல்லைப் பாரிஸ் நகருக்கு எடுத்துச் சென்று, உடற்கூற்றறிவில் ஒப்பாரற்ற கூவியரிடம் காட்டினார். காண்டாமிருகத்தின் பல் என்றார் கூவியர். நாட்டுப்புற வைத்தியர் ஒருவர் இதற்குமேல் யாது செய்வார்?

மன்ரெல் விடவில்லை. இலண்டன் அரச சத்திரவைத்தியர் கல்லூரியின் நூதனசாலைக்குச் சென்று, அங்குள்ள ஊர்வனவற்றின் தாடைகளையெல்லாம் ஒப்பு நோக்கினார். சோர்ந்திருந்த வேளையில், சாமுவேல் ஸ்ரட்ச்பரி என்னும் பணியாளர் தாம் பதப்படுத்தி வைத்திருந்த இகுவானாவின் வன்கூட்டைக் காட்டினார். இகுவானா மேற்கிந்தியத் தீவுகளில் வாழ்வது. தோற்றத்தில் நம் உடும்பை நினைவூட்டும். ஆயினும் தழை தின்னும். அதன் பல்லும் மன்ரெலின் பல்லும் ஒரே வார்ப்பு, பருமனே வேறு. கூவியரும் 1824இல் தம் கருத்தை மாற்றி, தழையுண்ணும் ஊர்வனவென்று ஒப்பினார். பெரியார்க்கு அது பெருமையே. 1825இல் மன்ரெல் அவ்விலங்கிற்கு இகுவானோடன், அதாவது இகுவானாப் பல்லினது, எனப் பெயரிட்டு வெளியிட்டார். இகுவானாவை அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டதால் அதன் நீளம் 60 அடி என்றார். உண்மையில் அது 30 அடியளவினதே.

பற்களோடு கூம்புபோலக் கூரிய என்பொன்றும் கிடைத்திருந்தது. சில இகுவானாக்களின் மூக்கிலே சிறு கொம்பு போன்ற புடைப்புண்டு. ஆகவே அந்த என்பும் மூக்கிலேயே ஏறியது. 1834இல் மெயிட்ஸ்ரன் நகரக் கற்குழியொன்றில், ஒரே பாறையில் பல என்புகள் கிடைத்தன. நண்பர்கள் 25 பவுண் கொடுத்து வாங்கி அப்பாறையை மன்ரெலுக்கு அளித்தனர். அவர் வரைந்த உருவப்படத்திலும் மூக்கின்மேற் கொம்பு நிமிர்ந்து நின்றது.

ஆராய்ச்சி அவருக்குப் புகழைத் தந்தது, வாழ்வை எடுத்துக்கொண்டது. வீடே நூதனசாலையாயிற்று, வருமானம் குன்றிற்று. 1838இல் தம் சேகரிப்பைப் பிரித்தானிய நூதனசாலைக்கு 4,000 பவுணுக்கு விற்றார். மறு ஆண்டு மனைவியார் பிரிந்து சென்றார். 1841இல் வண்டி விபத்தொன்றில் முள்ளந்தண்டு ஊறுபட்டது. அந்நோவு இறுதிவரை நீங்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே றிச்சட் ஓவன் என்னும் பேரறிஞர், இகுவானோடனையும் வேறிரண்டு விலங்குகளையும் ஓரினமாக்கி, டைனோசர் என்னும் பெயரை அச்சிலேற்றினார். அஞ்சத்தக்க பெரும் பல்லி என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். யானைபோல் நான்கு தூண்கால்களில் நின்றதென்பது ஓவன் கொள்கை. முன்கால்கள் பின்கால்களினும் மெலிந்தவை என்று, நோயுற்ற நிலையிலும், மன்ரெல் கண்டு கூறினார். அவர் கூற்றே சரியானது. எனினும் ஓவன் சொல்லே அம்பலமேறியது. 1852இல் மன்ரெல் மறைந்தார். அவருடைய கோணிய முள்ளந்தண்டின் ஒரு பகுதி, முன்னர் அவர் இகுவானாவைக் கண்ட அதே நூதனசாலையில் நெடுங்காலம் காட்சிப்பொருளாக இருந்தது. இதனை எழுதும்போது என் கை சற்றே நின்றது.

ஓவனின் அறிவுரைப்படி சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ், இலண்டன் சிடன்ஹாமிலுள்ள பளிங்கு மாளிகைப் பூங்காவுக்காக இகுவானோடன் உருவங்களைச் சமைத்தார். 1853 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, அச்சின் வயிற்றுக்குள்ளேயே மேசையிட்டு அறிஞர்கள் விருந்துண்டனர்.

பின்னர் 1878இல் பெல்ஜியம் நாட்டுப் பேர்னிசார் ஊரில், நிலத்தின்கீழ் 322 மீற்றர் ஆழத்து நிலக்கரிச் சுரங்கத்தில், தொழிலாளர் பொன் நிறைந்த மரத்தண்டு போன்ற ஒன்றைக் கண்டனர். பொன்னன்று, இரும்புக் கந்தகம் ஏறிய என்பு. மூன்றாண்டு வேலையில் முப்பதுக்கு மேற்பட்ட இகுவானோடன்கள் வெளிவந்தன. பல வன்கூடுகள் உறுப்புக் குலையாது கிடந்தமையால் ஐயத்திற்கு இடமேயில்லை. கூரிய அந்த என்பு கையிலிருந்தது, அது பெருவிரல். கையொன்றுக்கு ஒன்றாக இரண்டு இருந்தன, மூக்கிலோ ஒன்றுமில்லை.

லூயி டோலோ என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். பிரசெல்ஸ் நகரிலே கங்காருபோல் நிமிர்த்தி, வாலை நிலத்தில் ஊன்றி நிறுத்தினர். அதுவும் பிழையென 1980இல் டேவிட் நோர்மன் காட்டினார்: வாலின் தசைநாண்கள் என்பாய் இறுகியவை, அவ்வாறு வளைக்க வேண்டுமாயின் வாலை முறிக்கவே வேண்டும். முதுகைக் கிடையாக வைத்து நடந்ததே அவ்விலங்கு. பிரசெல்ஸ் வன்கூடுகள் உளுத்து நொய்ந்தவை. மறுபடி கழற்றி மாட்ட அஞ்சி, நிமிர்ந்தபடியே விட்டிருக்கின்றனர். சிடன்ஹாம் பூங்காவின் இரு சிலைகளும் இன்றளவும் மூக்கின்மேல் விரலை வைத்தபடியே நிற்கின்றன.