நாடகத் தலைமையாசிரியரும் அவர் கலைக் குடும்பமும்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இல்லறம் மேற்கொள்ளாத அவருக்கு மாணவச் சிறுவர்களே மக்களாயினர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் புதல்வர்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுள் சிறுவன் சண்முகம் நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார்.

பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்த அந்த நா, இறுதிக் காலத்தில் வாதநோயால் பேச்சிழந்தது. 1922-ல் புதுச்சேரியில் அன்னார் மறைந்தார்.

ஆயினும் அவர் ஊட்டிய கல்வி மறையவில்லை. 1925-ல் தனிச் சபை கண்ட அச்சிறுவர்கள், டி.கே.எஸ். சகோதரர்கள் என நாடறியப் புகழ்பெற்றனர். ஔவையார் வேடத்தால் ‘ஔவை’ சண்முகமான அவர், ஆசானின் நினைவைத் தம் நூல்களில் பதித்துவிட்டு 1973-ல் காலமானார். அக்குழுவில் சிறுவயதில் பயின்ற கமல்ஹாசன், 1996-ல் தம் படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ எனப் பெயர் சூட்டினார்.

விழா நாடகங்களுக்குச் சிறுவரைப் பழக்கும் நம் பெரியோர் அன்னாரை நன்றியுடன் நினைப்பார்களாக.