மரை சேராத குழாய்

வீட்டுக் குழாய்க்கு மரை சேராமல் நேற்று ஹார்டுவேர் கடைக்கு மூன்று நடை நடந்தேன். பால்டிமோர் ஞாபகம் வந்தது.

அமெரிக்கத் தீயணைப்புத் தலைவர்கள் 1873-ல் முதன்முதலாகக் கூடியது அந்த ஊரில்தான். எல்லா ஊர் ஹோஸுக்கும் ஒரே மரை வேண்டும் என்ற பேச்சு அன்றே எழுந்தது. ஊர் திரும்பியதும் அவரவர் மரை அவரவருக்கு!

1904 பிப்ரவரி 7-ல் அதே பால்டிமோர் பற்றி எரிந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க்கிலிருந்தெல்லாம் உதவிக்கு வந்தார்கள். பலருடைய ஹோஸ் தெருக் குழாயில் பொருந்தவில்லை. 1,500-க்கு மேல் கட்டடங்கள் போயின.

மறுவருடம் தேசிய அளவு வகுத்தார்கள்: இரண்டரை அங்குல ஹோஸ், அங்குலத்துக்கு ஏழரை மரை. (ஏழரை என்றதும் நமக்குச் சனி ஞாபகம்தான் வரும்.) கட்டாயமில்லை என்பதால் பல ஊர்கள் மாற்றவே இல்லை. 1991 ஓக்லாந்து மலைத் தீயில், வெளியூர்க்காரர்களின் இரண்டரை அங்குல ஹோஸ் அவ்வூரின் மூன்று அங்குல வாயில் மறுபடியும் சேரவில்லை.